நூறு விரலும் ஒரு வாளும்

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மழை இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கலஹா சந்தியிலிருந்து ஓட்டோவில் அது வந்து சேர்ந்தது. சாக்கால் சுற்றிக் கயிறு போட்டிருந்தார்கள். இரண்டு பேர் தூக்க வேண்டிய பாரம். போடிங் அன்ரியின் கராஜுக்குள் வைத்துச் சாக்கை அவிழ்த்தபோது நாங்கள் பத்துப் பேரும் சுற்றி நின்று கைதட்டினோம். கொம்பவுண்ட் மைட்டர் சோ. வாடகை மூன்று நாளைக்கு.

நாங்கள் பேராதனைக் கலைப்பீடம். தமிழ், சமூகவியல், புவியியல், ஒருத்தி மெய்யியல். சுத்தியல் பிடித்தால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அடிக்கிற கூட்டம். நாடகம் ஒன்று போடுவதற்காக மேடை செய்ய வேண்டியிருந்தது. எட்டடி உயரத்தில் நாலு தட்டிகள், இரண்டு ஜன்னல் சட்டங்கள், ஒரு சிம்மாசனம். காசு குறைவு என்பதால் ஒரு பாஸைப் பிடிக்காமல் நாங்களே செய்வதென்று முடிவெடுத்தோம்.

இதிலே ஒரு பகிடி இருக்கிறது. 1960களில் இதே வளாகத்தில்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று போட்டார். அந்தக் கூத்து பிறந்த வட்டக்களரிக்குத் தட்டியும் தேவையில்லை, சிம்மாசனமும் தேவையில்லை. ஆடுகிறவன் கால் போதும், மத்தளம் போதும். நாங்கள்தான் சிம்மாசனம் இல்லாமல் ராஜா வரமாட்டார் என்று நின்றோம்.

சரி, மெசினுக்கு வருவோம்.

மைட்டர் வாள் என்பது பலகையைக் குறுக்காக வெட்டுகிற வாள். பலகை அசையாது, வட்டமான வாள்தகடு மேலேயிருந்து கீழே இறங்கும். அடியிலே ஒரு தட்டு இருக்கிறது, அது இடமும் வலமும் சுழலும். அதைச் சுழற்றினால் பலகையின் முகத்திலே சாய்வாக வெட்டு விழும். படச்சட்டத்தின் மூலை மாதிரி. இது மைட்டர். சில வாள்களில் வாளின் தலையையே பக்கவாட்டில் சரிக்கலாம். அப்போது பலகையின் தடிப்பிலே சாய்வு விழும். இது பெவல். இரண்டையும் ஒரே வெட்டில் செய்ய முடிந்தால் அதுதான் கொம்பவுண்ட். பலகையைச் சாய்த்து வைக்க எழும்பி நிற்கிற அலுமினியச் சுவருக்கு ஃபென்ஸ் என்று பெயர். வாளுக்கு மேலே ஒரு கார்ட் இருக்கும். வாள் மேலே நிற்கும்போது அது பற்களை மூடியிருக்கும். இறக்க இறக்கத் தானே விலகும். தூக்கினால் ஸ்பிரிங் இழுத்துத் திரும்பவும் மூடும்.

இவ்வளவும் இப்போது தெரியும். அன்றைக்குத் தெரிந்தது, சிவப்புச் சுவிட்சை அமத்தினால் சுத்தும் என்பது மட்டும்தான்.

எங்கள் வாள் பத்து அங்குலம், அதாவது 255 மில்லிமீற்றர். பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டில் நிமிடத்துக்கு 4800 சுற்று என்று போட்டிருந்தது. புவியியல்காரன் போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். தகட்டின் சுற்றளவு 80 சென்ரிமீற்றர். செக்கனுக்கு 80 சுற்று. அப்படியென்றால் ஒரு பல்லு செக்கனுக்கு 64 மீற்றர் ஓடுகிறது. மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 230 கிலோமீற்றர். அதிவேக வீதியிலேயே 100க்கு மேல் போகக்கூடாது என்று போர்ட் போட்டிருக்கிறார்கள். நாங்கள் "சோக்கான மெசின்" என்று சிரித்தோம்.

அன்றைக்கு நாங்கள் செய்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறோம். வாளை அன்ரியின் பழைய மேசையில் சும்மா வைத்தோம், பூட்டவில்லை. மேசையின் ஒரு கால் கட்டை. வயர் எட்டவில்லை என்று, அயன் பண்ணுகிற எக்ஸ்டென்ஷனை முற்றத்தால் இழுத்தோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. மரம் என்பது மரக்காலையில் மலிவாக வாங்கின ரீப்பைகளும், உடைத்த பலட் பலகைகளும். ஒன்றுகூட நேராயில்லை. எங்களில் ஒருத்தி துப்பட்டாவோடு நின்றாள். மத்தளம் அடிக்கிறவன் கையில் கோயில் நூல் நாலு சுற்று.

கார்ட்? வாடகைக்கு வந்தபோதே அது மேலே தூக்கிக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கொங்கிறீற்றுக் கம்பி கட்டுகிற அந்த மெல்லிய கம்பி. நாங்கள் அதைப் பார்த்தோம். வாள் வடிவாகத் தெரிவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம்.

முதல் பத்து வெட்டும் பிழையில்லாமல் போயின. அதுதான் எங்களைக் கெடுத்தது. பிறகு மூலைகளுக்குக் கொடுக்கிற சின்னத் துண்டுகள் வெட்டத் தொடங்கினோம். மட்டக்களப்பான், அவன்தான் எங்கட மத்தளம், மூன்றங்குலத் துண்டொன்றை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் வாளை இறக்கினான். ஒரு சத்தம். வெட்டுகிற சத்தமில்லை, யாரோ கதவை உதைத்த மாதிரி. துண்டு காணாமல் போனது. கராஜின் தகரக் கதவில் பட்டு விழுந்ததைப் பிறகுதான் கண்டோம். தகரத்தில் ஒரு குழி. அவனுடைய இடது கை வாளுக்கு நேரே இழுபட்டு, கட்டைவிரல் ஓர் அங்குலத்துக்கு முன்னால் நின்றிருந்தது.

ஓர் அங்குலம். அளந்து பார்க்கவில்லை. அளக்கிற துணிவு ஒருத்தருக்கும் இருக்கவில்லை.

அவன் சிரித்தான். "ஒண்டுமில்ல மச்சான்" என்றான். வாள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சை விட்ட பிறகும் அது நிற்கப் பத்துச் செக்கன் எடுத்தது. அந்தப் பத்துச் செக்கனும் நாங்கள் ஒருத்தரும் கதைக்கவில்லை. அன்றிரவு ஒத்திகையில் அவன் மத்தளத்தைத் தொடவில்லை. தலையிடி என்றான்.

அடுத்த நாள் காலையில் பாஸ் வந்தார்.

நாங்கள் அழைத்து வரவில்லை. பக்கத்து வீட்டுக் கூரை வேலைக்கு வந்தவர். இரவு வாள் சத்தம் ஒரு மாதிரிக் கேட்டதென்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். தேத்தண்ணி நேரம் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும். பரம்பரை தோட்டத்திலே, இவர் சின்ன வயதிலேயே தச்சுக்கு வந்துவிட்டாராம். யாழ்ப்பாணப் பக்கம் தச்சரை ஓடாவி என்பார்கள். கண்டிப் பக்கம் சிங்களவருக்கும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அவர் பாஸ்தான். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.

அவர் செய்த முதல் வேலை, ஒன்றும் கதைக்காமல் பிளக்கைக் கழற்றியது. கழற்றிய பிளக்கைக் கொண்டுவந்து மேசைமேல், எங்கள் கண்ணுக்கு முன்னால் வைத்தார்.

"இது இங்க இருக்கணும். கண்ணுக்குத் தெரியிற மாதிரி. அப்பத்தான் வாள தொடணும்."

அப்போதுதான் அவருடைய வலது கையைக் கண்டோம். நடுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு நின்றன.

அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒரு பலகையும் வெட்டவில்லை. எங்களில் சிலருக்குப் பொறுமை போய்விட்டது, வாடகை ஓடுகிறதே என்று. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தைத்தான் இங்கே விரிவாக எழுத வேண்டும். வெட்டுவது மூன்று செக்கன் வேலை. அந்த மூன்று செக்கனில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் குறட்டால் அந்தக் கம்பியை வெட்டினார். கார்டைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தார். தூளடைத்து இறுகிப்போய் ஒழுங்காகத் திரும்பவில்லை. "அதான் கட்டியிருக்கானுங்க" என்றார். பிறஷ்ஷால் தூளைத் தட்டி, துடைத்து, பத்துத் தரம் தூக்கி இறக்கினார். பதினோராம் தரம் 'டக்' என்று தானே மூடியது. பழுதைத் திருத்த அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க யாரோ கம்பி கட்டியிருக்கிறார்கள்.

பிறகு தகடு. பல்லு உடைந்திருக்கிறதா, வெடிப்பிருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்தார். தகட்டில் ஓர் அம்புக்குறி, வாளின் உடலில் ஓர் அம்புக்குறி. இரண்டும் ஒரே பக்கம் காட்ட வேண்டும். தகட்டில் எழுதியிருக்கிற உச்ச வேகம் மெசினின் வேகத்தைவிடக் கூடவாக இருக்க வேண்டும். குறைவென்றால் அந்தத் தகட்டைப் போடவே கூடாது. நடுவிலிருக்கிற பூட்டாணி இறுக்கமா என்று சாவி போட்டுப் பார்த்தார். நாங்கள் ஒரு விஷயம் கவனித்தோம்: இறுக்குவதற்கு அவர் இடது பக்கம் திருப்பினார். அநேகமான மைட்டர் வாள்களில் அந்தப் பூட்டாணிக்கு இடது மரைதான், வழமைக்கு எதிர். தெரியாதவன் கழற்றுகிறேன் என்று இன்னும் இறுக்குவான். எங்கள் தகட்டில் 24 பல்லு. "இது கூர வேலைக்கு. ஜன்னலுக்குப் பல்லு கூடினது போடுங்க, அறுபது, எம்பது. வெட்டு வழவழன்னு வரும்" என்றார். மத்தியானம் அவரிடமிருந்தே ஒரு 60 பல்லுத் தகடு வந்தது.

மேசையை மாற்றினோம். தடித்த பிளைவுட் ஒன்றில் வாளைப் போல்ட் போட்டுப் பூட்டி, அதை மேசையோடு கிளாம்ப் அடித்தோம். மேசையின் கட்டைக் காலுக்கு ஆப்பு வைத்தோம். வாளின் தட்டு எந்த உயரமோ அதே உயரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டைகள் அடுக்கினோம். நீளப் பலகை ஒரு பக்கம் தொங்கினால், வெட்டு முடியும்போது அது மடங்கி வாளைக் கவ்வும்.

எக்ஸ்டென்ஷன் முற்றத்தால் வரக்கூடாது என்றார். கராஜுக்குள்ளேயே ஒரு சுவிட்ச் இருந்தது, பழைய பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால். நாங்கள் தேடவில்லை, அவ்வளவுதான். எக்ஸ்டென்ஷன் பாவித்தால் தடித்த வயராக இருக்கவேண்டும், சுருளை முழுக்க அவிழ்த்துவிட வேண்டும். 1800 வோற் மெசின் எட்டு அம்பியர் அளவில் இழுக்கும், சுருட்டி வைத்த வயர் சூடாகும். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அன்ரியைக் கொண்டு டெஸ்ட் பட்டனை அமத்திப் பார்க்கச் சொன்னார். டக்கென்று விழுந்தது. அன்ரியின் அரிசி குக்கரும் நின்றது.

அடுத்தது மூலைமட்டம். பிளக் இன்னும் மேசைமேல்தான். தட்டைச் சைபரில் வைத்து, வாளைக் கீழே இறக்கிப் பூட்டி, மூலைமட்டத்தை ஃபென்ஸுக்கும் தகட்டுக்கும் இடையில் வைத்தார். பல்லிலே முட்டக்கூடாது, தகட்டின் உடலில் பட வேண்டும். பல்லு கொஞ்சம் அகலம் கூட, பிழையாகக் காட்டும். ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது. ஃபென்ஸைத் தளர்த்தி நேராக்கினார். அதேபோல தட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் வைத்துப் பெவலையும் பார்த்தார்.

இதைச் சரிபார்க்க அவர் காட்டிய வழி எங்களுக்கு மிகவும் பிடித்தது. நேரான பலகை ஒன்றைச் சைபரில் வெட்ட வேண்டும். ஒரு பாதியை அப்படியே வைத்து, மற்றப் பாதியைக் குப்புறப் புரட்டி, வெட்டின முகங்கள் இரண்டையும் ஒட்டிப் பார்க்க வேண்டும். இடைவெளியில்லாமல் ஒட்டினால் வாள் நேர். ஆப்பு மாதிரி இடைவெளி வந்தால், அது உண்மையான பிழையின் இரண்டு மடங்கு. ஒரு சட்டத்துக்கு நாலு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிழைத்தால் கடைசி மூலையில் நாலு பாகை வாய் பிளக்கும். முதல் நாள் நாங்கள் வெட்டின ஜன்னல் ஏன் சேரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நாங்கள் மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு எங்களைப் பார்த்தார். துப்பட்டா போனது. கழுத்துச் சங்கிலி, மணிக்கூடு, மோதிரம் எல்லாம் அன்ரியின் மேசையில். நீள முடி கட்டி உள்ளே. சேர்ட் கை முழங்கைக்கு மேலே. கையுறை போட்டிருந்த ஒருத்தனைக் கழற்றச் சொன்னார். நாங்கள் கையுறை பாதுகாப்பு என்று நினைத்திருந்தோம். சுற்றுகிற வாளுக்கு முன்னால் அது தலைகீழ். தோல் கிழிந்து விலகும். துணியைப் பல்லு பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கோயில் நூலைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "அறுக்க வேணாம் தம்பி. மேல ஏத்தி டேப் போட்டுக்கங்க" என்றார். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். காதுக்கும் மூக்குக்கும் போடாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இருபது வருஷத்தில் தெரியும். "எனக்கு இந்தக் காது கேக்காது" என்று இடது காதைக் காட்டினார்.

கடைசியாக மார்க்கர் பேனையால் வாளின் இரண்டு பக்கமும் தட்டில் கோடு கிழித்தார். தகட்டிலிருந்து ஆறங்குலம். வாள் சுற்றும்போது அந்தக் கோட்டுக்குள்ளே ஒரு விரலும் வரக்கூடாது. அதற்குள்ளே பிடிக்க வேண்டிய துண்டென்றால் கிளாம்ப் பிடிக்கட்டும். சின்னத் துண்டு வேண்டுமென்றால் நீளப் பலகையிலிருந்து வெட்ட வேண்டும், சின்னத் துண்டை வெட்டக்கூடாது.

மட்டக்களப்பான் முதல் நாள் நடந்ததைச் சொன்னான். நாங்கள் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. பாஸ் அந்தத் துண்டைக் கேட்டார். தேடிக் கொடுத்தோம். தட்டில் வைத்து விரலால் அமத்தினார், ஆடியது. "கோணல். ஃபென்ஸோட ஒட்டல. வாள் எறங்கிறப்ப அந்த எடவெளிய மூடப் பாக்கும். மூடுறப்ப தகட்டக் கவ்வும். கவ்வினா வாள் நிக்காது தம்பி, கட்டைதான் போகும். கட்டையோட கையும்." கோணல் பலகை என்றால் புடைத்த பக்கம் ஃபென்ஸில் முட்ட வேண்டும், வெட்டு விழுகிற இடத்தில் இடைவெளியே இருக்கக்கூடாது. பழைய பலட் பலகையில் ஆணி இருக்கும். ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பலகை நெடுக ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஏழு ஆணி கிடைத்தது. முதல் நாள் அவற்றுக்குப் பக்கத்தாலே வெட்டியிருக்கிறோம்.

பிறகுதான் பிளக்.

வெட்டுகிற முறை எளிமையானது. பலகையை ஃபென்ஸோடும் தட்டோடும் அமத்து. வாளை நிறுத்தி வைத்தே ஒரு தரம் இறக்கிப் பார், கோட்டில் விழுகிறதா, கை எங்கே என்று. தூக்கு. சுவிட்சை அமத்து, முழு வேகம் வரும்வரை பொறு, சத்தம் ஒரே சீராகும். இறக்கு, தள்ளாதே, வாளே வெட்டட்டும். வெட்டு முடிந்ததும் சுவிட்சை விடு. இப்போதுதான் முக்கியம்: வாளைக் கீழேயே வைத்துக்கொண்டு, அது முழுதாக நிற்கும்வரை பொறு. நின்ற பிறகு தூக்கு. அதற்குப் பிறகு துண்டை எடு. வலது கையை இடப்பக்கம், இடது கையை வலப்பக்கம் என்று கைகளைக் குறுக்கே போடாதே. வெட்டுப்பட்டு விழுகிற துண்டைப் பிடிக்காதே, அதை ஸ்டொப் வைத்து அடைக்காதே. அது சும்மா கிடக்கட்டும்.

அந்தப் பத்துச் செக்கன் காத்திருப்பதுதான் கஷ்டம். கை தானாகவே தூக்கப் பார்க்கும். நாங்கள் சத்தமாக எண்ணினோம். ஒன்று, இரண்டு என்று பத்துவரை, பத்துப் பேரும். பாஸ் சிரித்தார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

சிம்மாசனத்தில்தான் எங்கள் மூளை வெளியே வந்தது. பீடத்தைச் சுற்றி நாலங்குலப் பலகை, நாலு பக்கமும் 45 பாகை உள்ளே சாய வேண்டும். மூலையென்றால் 45, சாய்வும் 45. ஆகவே மைட்டர் 45, பெவல் 45. இரண்டையும் வைத்து நாலு பலகை வெட்டினோம். நாலும் சேராமல் பேய்வீட்டுக் கதவு மாதிரி நின்றன. இரண்டு சாய்வும் ஒன்றையொன்று பாதிக்கும். தனித்தனியே கூட்டிப் போட முடியாது. விஞ்ஞானபீடத்து நண்பன் ஒருத்தனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். பதில் வந்தது: மைட்டர் 35.3, பெவல் 30. வாளின் அளவுகோலில் 31.6 என்று விசித்திரமாக ஒரு குறி இருந்ததே, அதுவும் இதே கணக்குத்தானாம். அமெரிக்க வீடுகளில் சுவரும் கூரையும் சேருமிடத்தில் அடிக்கிற அலங்காரப் பலகைக்காக மைட்டர் 31.6, பெவல் 33.9 என்று முன்னாலேயே குறித்து வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் 35.3 எங்கே என்று அளவுகோலில் தேடிக்கொண்டிருக்கும்போது பாஸ் வேறொன்று செய்தார். ஒரு துண்டுப் பிளைவுட்டில், வாள் போகிற பாதைக்கு வெளியே ஆணியடித்து ஒரு ரீப்பையைப் பூட்டினார். பிளைவுட்டைத் தட்டோடு கிளாம்ப் பண்ணினார். பலகையின் அடி அந்த ரீப்பையில் முட்ட, தலை ஃபென்ஸில் சாய, பலகையைப் பீடத்தில் நிற்கப்போகிற அதே 45 பாகைச் சாய்வில் நிறுத்தினார். பெவலைச் சைபருக்குக் கொண்டுவந்தார். மைட்டர் 45. ஒரே வெட்டு. நாலு பலகையும் பொருந்தின.

மரத்தை அது நிற்கப்போகிற மாதிரியே நிறுத்திவிட்டால், இரண்டு சாய்வில் ஒன்று கணக்கிலிருந்து போய்விடுகிறது. "எம்பெக்கே போயிருக்கீங்களா?" என்று கேட்டார். ஒருத்தரும் போயிருக்கவில்லை. மூன்று வருஷமாகப் பேராதனையில் இருக்கிறோம்.

பிறகு போனோம். தவுலகலப் பக்கம், பஸ்ஸில் கிட்டத்தான். கம்பளை இராசதானிக் காலத்து, 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். கதிர்காமக் கடவுளுக்கு. எல்லாரும் தூண் சிற்பங்களைப் படம் பிடிக்கிறார்கள். நாங்கள் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தோம். கூரையின் ஒரு முனையில் 26 வளைமரங்கள் விசிறி மாதிரி வந்து ஒரே ஒரு மரக் கொளுவியில் சேர்கின்றன. மடொல் குருபாவ என்கிறார்கள். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு கோணத்தில் வருகிறது, ஒவ்வொன்றும் கூரையோடு சாய்கிறது. எங்கள் சிம்மாசனக் கணக்கு, 26 தரம். மின்சாரம் இல்லை, அளவுகோலில் 31.6 இல்லை. கைவாள், உளி, மட்டம்.

அவருடைய விரல் கதையை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. இருபத்தாறு வயதில், ஒரு பட்டறையில். மேசை வாள். ஓடர் கூட, நேரம் குறைவு, கார்ட் இருந்தால் தாமதமென்று கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். அவரும் கேட்கவில்லை, எல்லாரும் அப்படித்தான் வெட்டினார்கள், தினமும் வெட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் நடந்தது. ஆஸ்பத்திரிச் செலவும் இரண்டு கிழமைச் சம்பளமும் கிடைத்தது. அதற்குப் பிறகு சம்பளம் குறைந்தது, விரல் குறைந்த பாஸ் என்பதால்.

சமூகவியல்காரி அடுத்த கிழமை நூலகத்தில் தேடினாள். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு இருக்க வேண்டுமென்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அதற்கும் முந்திய 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் ஓர் அட்டவணையே இருக்கிறது: எந்த உறுப்பு போனால் உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் போனதாகக் கணக்கு என்று. அவர் பிறப்பதற்கு முன்னாலேயே இரண்டு சட்டமும் இருந்திருக்கின்றன. அந்தப் பட்டறையில் ஒருத்தரும் அவருக்குச் சொல்லவில்லை. நாங்கள் உழைப்பு, சுரண்டல் என்று எத்தனை ட்யூட் எழுதியிருக்கிறோம். அதில் ஒன்றிலாவது ஒரு விரல் வந்ததில்லை.

வெட்டுப்பட்டால் என்ன செய்வது என்றும் அப்போதுதான் தேடிப் படித்தோம். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது. பிளக்கைக் கழற்று. சுத்தமான துணியால் காயத்தை இறுக அமத்தி, கையை உயர்த்திப் பிடி. 1990க்கு எடு, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். விரல் துண்டாகியிருந்தால் அதைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பையில் வை. ஐஸ் நேரே தசையில் படக்கூடாது. காயத்தோடு ஆளும் துண்டும் ஒன்றாகப் போக வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கராஜ் சுவரில் ஒட்டினோம். இதை வாசிக்கிற உங்களில் யாராவது மேடை போடுகிறீர்களென்றால், பந்தல் கட்டுகிறீர்களென்றால், வீட்டுக்கு ஒரு புத்தகத் தட்டாவது செய்கிறீர்களென்றால், இதையும் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நாடகம் நடந்தது. பரவாயில்லாமல் போனது. சிம்மாசனத்தின் மூலைகளை ஒருத்தரும் கவனிக்கவில்லை. நல்ல மூலையை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று பாஸ் முன்னாலேயே சொல்லியிருந்தார். மூன்றாவது வரிசையில் வந்து இருந்தார். மத்தளம் தொடங்கியபோது நாங்கள் மேடைக்குப் பின்னால் நின்று அவனுடைய இடது கையைத்தான் பார்த்தோம். ராஜா வரவுக்கு அவன் அடிக்கிற அடியில் அந்தக் கட்டைவிரலுக்குப் பெரிய வேலையில்லைதான். என்றாலும் பார்த்தோம்.

வாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடை அண்ணன் கார்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கம்பிய வெட்டிட்டீங்களா?" என்று கேட்டார். ஸ்பிரிங் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது, கட்டத் தேவையில்லை என்று சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "கட்டித் தரச் சொல்லித்தான் தம்பி எல்லாரும் கேக்கிறாங்க. அடுத்த ஆள் திரும்பக் கட்டுவான்" என்றார்.

கட்டுவான்தான். நாங்களும் வெள்ளிக்கிழமை அதைக் கட்டினபடியேதானே பாவித்தோம். பத்துப் பேரும் கண்டோம், ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணனிடம் ஒரு மார்க்கர் கேட்டு வாங்கி, வாளின் பக்கத்தில் எழுதினோம்: கார்ட் இறுகினால் தூளைத் தட்டவும், கட்ட வேண்டாம். கீழே சிங்களத்திலும் எழுதினோம். மார்க்கர் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தெரியாது.

வெட்டின கம்பி எங்கட அறையிலே கிடக்கிறது, மத்தளத்துக்குப் பக்கத்தில்.